வரப்பில் தானாக முளைக்கும் காய்: வெள்ளரியா, தும்மட்டியா?

அரூர் பக்கம் மானாவாரியில் நிலக்கடலை போட்டிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆடி மழைக்குப் பிறகு வரப்பிலும் கடலைச் சாலுக்கு நடுவிலும் விதைக்காமலே ஒரு கொடி படர்ந்திருக்கிறதாம். கோழிமுட்டையைவிடச் சின்னதாக, நீள்வட்டமாக, வரி வரியாகக் காய்கள். "போன வருசம் தின்னு போட்ட வெள்ளரி முளைச்சு காட்டுக்காயாப் போயிடுச்சு" என்கிறார் அவருடைய அப்பா. "அது தும்மட்டி, விஷம், பிடுங்கிப் போடு" என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். இதில் எது உண்மை, சாப்பிடலாமா, தோட்டத்தில் போட்டிருக்கும் வெள்ளரியை இது கசப்பாக்கிவிடுமா, பிடுங்கத்தான் வேண்டுமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

தம்பி, நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. அது வெள்ளரியும் இல்லை, தும்மட்டியும் இல்லை. அது காட்டு முலாம். முலாம்பழம் எந்தச் செடி இனமோ அதே இனம், ஆனால் யாரும் தேர்ந்தெடுத்து வளர்க்காமல் தன் போக்கில் வாழ்கிற கிளை. தெற்கே போனால் மிதுக்கங்காய் என்பார்கள், கொங்குப் பக்கம் சுக்காங்காய் என்பார்கள். நம் மாவட்டத்தை ஒட்டி ஓசூர், வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கு பேசுகிறவர்களிடம் கேட்டால் புடமகாய் என்பார்கள். எல்லாம் ஒரே செடிதான்.

உங்கள் அப்பா சொன்னதை நான் தவறு என்று தள்ளிவிட மாட்டேன். குழப்பம் அவரிடம் இல்லை, வெள்ளரி என்ற பெயரில் இருக்கிறது. தமிழில் வெள்ளரி என்ற ஒரே பெயரை இரண்டு வேறு இனங்களுக்கு வைத்திருக்கிறோம். பச்சையாக நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருகிறார்களே, முள்முள்ளாகத் தோல் உள்ள காய், அது உண்மையான வெள்ளரி. ஆனால் சித்திரை வெயிலில் தென்னை ஓலையில் கட்டி விற்கிறார்களே வெள்ளரிப்பழம், பழுத்ததும் மேலெல்லாம் வெடித்து மாவு மாவாக இருக்குமே, நாட்டுச் சர்க்கரை போட்டுத் தின்போமே, அது முலாம் இனம். சாம்பாரில் போடுகிற மஞ்சள் தோசக்காயும் முலாம் இனம்தான். சந்தையில் பெயர் ஒன்று, செடி இரண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கு விடை தானாக வந்துவிடும்.

இரண்டும் எவ்வளவு தூரத்து உறவு தெரியுமா? வெள்ளரிக்கு 7 ஜோடி குரோமோசோம், முலாமுக்கு 12 ஜோடி. பக்கத்தில் பக்கத்தில் போட்டாலும், ஒரே தேனீ இரண்டு பூவிலும் மாறி மாறி உட்கார்ந்தாலும், ஒன்றோடொன்று கலந்து விதை கட்டாது. முலாம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்றுதான் ரொம்ப காலம் புத்தகங்களில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2010-ல் வெளிவந்த ஒரு டிஎன்ஏ ஆய்வு, முலாம், வெள்ளரி இரண்டுக்குமே நெருங்கிய காட்டு உறவுகள் ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும்தான் இருக்கின்றன என்று காட்டியது. 2018-ல் வந்த இன்னொரு ஆய்வு, முலாமை மனிதர்கள் பயிராக்கியது ஒரு முறை இல்லை, ஆப்பிரிக்காவில் தனியாக, ஆசியாவில் தனியாக என்று சொன்னது. நாம் தின்கிற வெள்ளரிப்பழத்தின் மூதாதை எங்கேயோ கடல் கடந்து இருந்ததல்ல, இந்த நாட்டின் கரம்பிலும் வரப்பிலும் கிடந்த கொடிதான்.

அப்போது உண்மையான வெள்ளரியின் காட்டு வடிவம் எங்கே? இமயமலை அடிவாரத்தில். ஹார்ட்விக்கி என்று அதற்குப் பெயர். முட்டை வடிவத்தில் சின்னக் காய், கடும் கசப்பு, ஒரே கொடியில் ஏராளமாகக் காய்க்கும். தர்மபுரிக் கடலைக்காட்டில் அதை எதிர்பார்க்க வேண்டாம். தின்றுபோட்ட வெள்ளரி விதை குப்பைமேட்டில் முளைக்கும், ஒரு பருவம் காய்க்கவும் செய்யும். ஆனால் அடிச்சாம்பல் நோயும் பழ ஈயும் தாங்காமல் போய்விடும். வருஷா வருஷம் தானாகவே வந்து வரப்பைப் பிடித்துக்கொள்ளும் வலு அதற்குக் கிடையாது. உங்கள் கொடி வருஷா வருஷம் வருகிறது என்றால் அது ஒன்றே பெரிய அடையாளம்.

சரி, கண்ணால் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? காலையில் ஏழு மணிக்கு, பூ விரிந்திருக்கும்போது போய்க் குனிந்து பாருங்கள். முலாமின் இலை வட்டமாக, சிறுநீரக வடிவில், ஓரத்தில் லேசான மடிப்பு மட்டும் இருக்கும். வெள்ளரியின் இலை மூலை மூலையாக, நுனி கூர்ந்து இருக்கும். தும்மட்டியின் இலை ஆழமாகக் கிழிந்து, தர்பூசணி இலையைச் சின்னதாக்கியது போல இருக்கும், தொட்டால் சொரசொரப்பு. அப்புறம் பெண் பூவின் பின்னால் இருக்கும் பிஞ்சைப் பாருங்கள். முலாமின் பிஞ்சில் பட்டுப்போல மெல்லிய ரோமம் இருக்கும், வெயில் சாய்வாக விழும்போது வெள்ளி பூசியது போலத் தெரியும். வெள்ளரிப் பிஞ்சில் ரோமம் இருக்காது, குட்டிக் குட்டி முள்மொட்டு இருக்கும். இந்த ஒரு அடையாளம் என்னை இதுவரை ஏமாற்றியதில்லை.

காயை எடுத்துக்கொண்டால், காட்டு முலாம் பெரும்பாலும் இரண்டு அங்குலத்துக்குள் அடங்கிவிடும். நீள்வட்டம். கரும்பச்சையில் வெளிர்பச்சை வரி, அணில் முதுகுபோல நீளவாக்கில் ஓடும். குறுக்கே வெட்டினால் வெளிர்பச்சைச் சதையும், வழவழப்பான கூழுக்குள் மூன்று பங்காக அடுக்கிய வெளிர்மஞ்சள் விதையும் இருக்கும். பழுத்தால் மஞ்சளாகி, கை பட்டதும் காம்பிலிருந்து கழன்றுவிடும். கழன்ற இடத்தை முகர்ந்து பாருங்கள், முலாம்பழ வாசனை லேசாக வரும். பெயரை விட்டுவிடுங்கள், அந்த வாசனையே உறவைச் சொல்லிவிடும்.

பக்கத்து நிலத்துக்காரர் சொன்ன தும்மட்டி வேறு. பேய்த்தும்மட்டி, ஆற்றுத்தும்மட்டி, பேய்க்குமட்டி என்று பல பெயர். ஆற்று மணலிலும் வறண்ட கரம்பிலும் தரையோடு படர்ந்திருக்கும். காய் நல்ல உருண்டை, எலுமிச்சைக்கும் சாத்துக்குடிக்கும் நடுவில் அளவு, பச்சையில் வெள்ளைத் திட்டு. உள்ளே சாறு இருக்காது, வெள்ளைப் பஞ்சுபோல் உலர்ந்த சதை, பழுப்பு விதை. இது தர்பூசணியின் உறவு, முலாமின் உறவு இல்லை. சித்த மருத்துவத்தில் கடும் பேதி மருந்து. தெரிந்த வைத்தியர் கை வழியே தவிர வேறு யாரும் தொடக் கூடாத சரக்கு. நிலத்துக்காரரின் பயம் அந்தக் காயைப் பொறுத்தவரை நியாயமானது. உங்கள் வரப்புக் காய் நீள்வட்டம் என்று நீங்கள் எழுதியிருப்பதால்தான் அது இல்லை என்கிறேன். உருண்டையாக இருந்தால் என் பதிலும் மாறும்.

சாப்பிடலாமா என்பதில் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் அவசரப்படக் கூடாது. வெள்ளரி, முலாம், சுரை, தர்பூசணி எல்லாம் சேர்ந்த இந்தக் குடும்பத்துச் செடிகள் அநேகமாக எல்லாவற்றிலும் குக்குர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் உண்டு. பூச்சியும் மாடும் தின்னாமல் இருக்கச் செடி தானே தயாரிக்கிற காவல். நாம் பயிராக்கியபோது கசக்காத கொடியாகப் பார்த்துப் பார்த்து விதை எடுத்தோம், கசப்பு போயிற்று. 2014-ல் வெள்ளரியை ஆராய்ந்தவர்கள் இந்தக் கசப்பைச் செய்யும் ஒன்பது மரபணுக்களையும், அவற்றுக்கு ஆணையிடும் இரண்டு தலைமை மரபணுக்களையும் கண்டுபிடித்தார்கள். ஒன்று இலைக்கு, மற்றொன்று காய்க்கு. நாம் சாப்பிடும் வெள்ளரியில் காய்க்கான ஆணை அடங்கிக் கிடக்கிறது, இலை பல ரகங்களில் இன்னும் கசக்கும். கோடையில் தண்ணீர் காயவிட்டால் சில வெள்ளரிக் காய்கள் காம்புப் பக்கம் கசப்பதும் இந்தப் பொருளால்தான்.

காட்டு முலாமில் இந்தத் தேர்வு நடக்கவில்லை. அதனால் ஒரு கொடியின் காய் புளிப்பாக, தின்னும்படி இருக்கும், பத்தடி தள்ளி இருக்கிற கொடியின் காய் வாயில் வைக்க முடியாது. செடிக்குச் செடி பார்க்க வேண்டும். பார்க்கும் முறை இதுதான்: காயை வெட்டி, கடுகளவு சதையை நாக்கு நுனியில் வைத்து உடனே துப்பிவிடுங்கள். சுள்ளென்று கசந்தால் அந்தக் கொடியையே விட்டுவிடுங்கள். வேகவைத்தால் கசப்பு போய்விடும் என்று நம்பாதீர்கள், இந்தப் பொருள் வெப்பத்துக்கு அழியாது. கடுமையாகக் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து வாந்தி, பேதி, ரத்த அழுத்தம் விழுவது என்று ஆபத்தாகி, சிலர் இறந்தும் போன பிறகு, கசந்தால் குடிக்காதீர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே எச்சரித்தது. சுரைக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். குழந்தைகளிடம் இதைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள். வரப்பில் கிடக்கும் சின்னக் காய் அவர்கள் கைக்குத்தான் முதலில் எட்டும்.

கசக்காத கொடி கிடைத்தால் அது நல்ல பண்டம். பிஞ்சை இரண்டாகக் கீறி, உப்புப் போட்ட மோரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, பகலில் பாயில் காயவைத்து, சாயங்காலம் மறுபடி அதே மோரில் போட்டு, மோர் முழுக்க உறிஞ்சும்வரை மூன்று நான்கு நாள் இப்படிச் செய்ய வேண்டும். நன்றாகக் காய்ந்த வற்றலை எண்ணெயில் பொரித்து, ராகிக் களிக்கும் கீரைக் கடைசலுக்கும் பக்கத்தில் வைத்தால் வேறு தொடுகறி தேவைப்படாது. தெற்கத்தி வீடுகளில் மிதுக்கு வற்றல் என்று பெரிய மரியாதையோடு வைத்திருப்பார்கள், லேசான கசப்போடேயே விரும்பிச் சாப்பிடுவார்கள். அது அந்தக் கொடியைத் தலைமுறையாகத் தெரிந்தவர்களின் பழக்கம். புதிதாகத் தொடங்கும் நீங்கள் கசப்பே இல்லாததை மட்டும் எடுங்கள்.

அடுத்து உங்கள் முக்கியமான கவலை, தோட்டத்து வெள்ளரி கசந்துவிடுமா என்பது. நீங்கள் போட்டிருப்பது பச்சையாகச் சாப்பிடும் வெள்ளரி என்றால், காட்டு முலாமால் அதற்கு ஒன்றும் ஆகாது. மேலே சொன்ன 7, 12 கணக்கு அதற்குத்தான். ஆனால் நீங்கள் போட்டிருப்பது வெள்ளரிப்பழம், தோசக்காய், முலாம்பழம் இவற்றில் ஒன்று என்றால் கதை வேறு. இவை காட்டு முலாமோடு தாராளமாகக் கலக்கும். அப்போதும்கூட இந்த வருஷத்துக் காய் மாறாது. காயின் சதை தாய்ச் செடியின் உடம்பு, மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் சதை தாயின் குணத்தில்தான் இருக்கும். கலப்பு விதைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த விதையை எடுத்து அடுத்த வருஷம் போட்டால்தான் வெளியே வரும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருஷத்துக்கு முன் பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் நிலத்தில் அருமையான வெள்ளரிப்பழம் ஒன்று காய்த்தது. ஒரு பழம் மூன்று கிலோ, மாவு போல வெடிக்கும், மணம் தெருவுக்கே வரும். அதில் விதை எடுத்துச் சாம்பலில் புரட்டி வைத்தேன். வேலி ஓரம் காட்டுக்கொடி படர்ந்திருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. அடுத்த தையில் விதைத்த கொடிகளில் நிறையவற்றில் கைக்குள் அடங்கும் வரிக்காய்கள்தான் வந்தன, சிலது கசந்தது. அந்த ரகத்தின் விதை வேறு யாரிடமும் இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் அந்தப் பழத்தின் மணம் வருகிறது, வருத்தமும் வருகிறது.

அதனால் வெள்ளரிப்பழம் வைத்திருப்பவர்கள் விதைக்கான பழத்தைத் தனியாகப் பாதுகாக்க வேண்டும். சான்றிதழ் விதை எடுப்பவர்கள் வேறு முலாம் வகைகளிலிருந்து குறைந்தது அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று விதி. நமக்கு அது முடியாது, கையால் மகரந்தம் சேர்ப்பது முடியும். சாயங்காலம் தோட்டத்தில் நடந்து, மறுநாள் விரியப் போகிற பெண் மொட்டைத் தேடுங்கள். பின்னால் குட்டிப் பிஞ்சு இருக்கும், மொட்டின் நுனியில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். அதன் வாயை நூலால் மெதுவாகக் கட்டுங்கள். அதே ரகத்தில் இரண்டு ஆண் மொட்டுகளையும் கட்டுங்கள். காலையில் எட்டு மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவைத் திறந்து நடுவில் தடவிவிட்டு மறுபடி கட்டிவிடுங்கள். சில செடிகளில் பெண் பூவுக்குள்ளேயே மகரந்தப் பையும் இருக்கும், அப்படி இருந்தால் முதல் நாள் சாயங்காலமே ஊசியால் அதை எடுத்துவிடுவது நல்லது. காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். எல்லாம் பிடிக்காது, நான்கில் ஒன்று நின்றாலே போதும். ஒரு பழத்தில் நூற்றுக்கணக்கில் விதை இருக்கிறது.

பிடுங்க வேண்டுமா என்றால், கடலைச் சாலுக்குள் இருப்பதைப் பிடுங்குங்கள். கடலையை மூடி வெயிலைப் பறிக்கும், களைவெட்டு நேரத்தில் காலைச் சுற்றும். தோட்டத்து வெள்ளரிக்கு மிக அருகில் இருப்பதையும் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் கலக்காவிட்டாலும் பழ ஈ, சிவப்பு வண்டு, அசுவினி எல்லாம் இதிலிருந்து அதற்குத் தாவும், அசுவினி தேமல் நோயையும் கொண்டுவரும். புள்ளி விழுந்து சொட்டும் காய்களைப் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். ஆனால் தள்ளியிருக்கும் கல் வரப்பிலும் வேலி ஓரத்திலும் இருப்பதை விட்டுவிடுங்கள். இது என் வேண்டுகோள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? இந்தக் கொடி மருந்து, தண்ணீர், காவல் எதுவும் இல்லாமல் நம் மண்ணில் ஆயிரக்கணக்கான வருஷமாக நோயோடும் வறட்சியோடும் மோதிப் பிழைத்து வந்திருக்கிறது. அதனிடம் இருப்பதை உலகம் ஏற்கெனவே வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா முலாம் தோட்டங்களைச் சாம்பல் நோய் அழித்தபோது, 1930-களில் அவர்களைக் காப்பாற்றிய ரகம் இந்தியாவிலிருந்து போன விதையின் எதிர்ப்புச் சக்தியை வைத்து உருவாக்கியதுதான். அசுவினியைத் தாங்கும் முலாமும் இந்திய விதையிலிருந்து கிடைத்தது. வெள்ளரியிலும் அப்படித்தான். அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் குணத்தை இந்திய வெள்ளரி ஒன்றிலிருந்து எடுத்து அங்கே பல ரகங்களில் ஏற்றினார்கள், 2004-ல் நோய் வேறு வடிவில் திரும்பி வந்தபோது மறுபடி இந்திய விதைகளைத்தான் தேடினார்கள். 2012-ல் ஸ்பெயினில் ஒரு இலைச்சுருட்டு வைரஸ் புகுந்தது. அதைத் தாங்கும் முலாம்களைத் தேடியபோது கைகொடுத்தவற்றில் இந்தியாவின் காட்டு முலாமும் உண்டு. அது உங்கள் வரப்பில் இருப்பதற்கு உறவுதான்.

இன்றைக்குத் தர்மபுரி, கிருஷ்ணகிரியில் வரப்பே குறைந்து வருகிறது. பொக்லைன் வைத்துச் சமப்படுத்துகிறோம், மனை பிரிக்கிறோம், களைக்கொல்லியை வரப்பு வரைக்கும் அடிக்கிறோம். களைக்கொல்லி வந்த நிலத்தில் இந்தக் கொடி இரண்டு மூன்று வருஷத்தில் காணாமல் போவதை நான் பல இடத்தில் பார்த்துவிட்டேன். அதோடு போகிறவை இன்னும் உண்டு. சளிக்குத் துவையல் அரைக்கிற முசுமுசுக்கை இதன் சொந்தத் தங்கை. முன்பு வேறு பேரினமாக வைத்திருந்தார்கள், டிஎன்ஏ பார்த்த பிறகு முலாமும் வெள்ளரியும் இருக்கிற குக்குமிஸ் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். பட்டாணி அளவு சிவப்புப் பழம், இலை தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். வேலியில் வெள்ளைப் பூவோடு கோவை, ராத்திரியில் நூல் நூலாக விரியும் பேய்ப்புடல், ஐந்து விரல்போல இலை விரித்த ஐவிரலி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப் பக்கம் பழுபாகல். வேலியை முள்கம்பியாக மாற்றியதும் இவை ஏறுவதற்கு இடமில்லாமல் போகிறது.

கடைசியாக ஒன்று செய்யுங்கள். உங்கள் நிலத்தில் எந்தக் கொடி கசக்கவில்லையோ, அதன் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். புரட்டாசி, ஐப்பசி வாக்கில் காய் மஞ்சளாகித் தானாகக் காம்பை விடும். அப்போது பொறுக்கி, கூழோடு ஒரு சட்டியில் இரண்டு நாள் புளிக்கவிட்டுக் கழுவினால் வழவழப்பு போய் நல்ல விதை அடியில் தங்கும், சொத்தை மிதக்கும். நிழலில் காயவைத்து, சாம்பலில் புரட்டி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, எந்த வரப்பு, எந்த மாதம், கசப்பு உண்டா இல்லையா என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே வையுங்கள். பக்கத்து நிலத்துக்காரரிடமும் ஒரு காயை வெட்டிக் காட்டுங்கள், தும்மட்டியில் இந்தக் கூழும் வாசனையும் இருக்காது என்பது அவருக்கே தெரிந்துவிடும்.